சந்திரகலா யார் வீட்டுப் பெண்

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டிச் சற்றுத் தள்ளி ஐ.எஸ்.டி. போன் பூத் வைத்திருந்த சந்திரகலாவிடம், புதிதாகப் பார்க்கும் எவரும் முதலில் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் பக்கம் எங்கே திரும்பினாலும் வெளிநாட்டுக்காரர்கள்தான். இவளுக்கோ சுண்ணாம்பு அடித்தது போன்ற தோல், சோளக் கதிரின் நாரைப் போன்ற முடி, புருவமும் இமையும்கூட வெளுப்பு. வெயில் ஆகாது என்பதால் அகலமான துணித் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருப்பாள். "ஹலோ மேடம், ஆட்டோ?" என்று ஓடி வருகிறவனிடம், "இன்னாண்ணே, கூப்புடு தூரத்துல பூத்து, அதுக்கு ஆட்டோ எதுக்கு?" என்று அவள் திருப்பிக் கேட்டதும் அவன் வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். அது அவளுக்குக் கொஞ்சம் குஷியாகக்கூட இருக்கும்.

அவள் பிறந்தது கீழ்பென்னாத்தூர் காலனியில். அப்பா பரசுராமனும் அம்மா ஆராயியும் நல்ல கறுப்பு. மூன்று வருடம் கழித்துப் பிறந்த தங்கை கவிநிலா அம்மாவை உரித்து வைத்த மாதிரி இருப்பாள். நடுவில் இவள் ஒருத்தி மட்டும் இப்படி. அவள் பிறந்த வருடத்துக்கு முந்தைய வருடம் ஆராயி ஆசிரமத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் கட்டிய வீட்டுக்குச் சித்தாள் வேலைக்குப் போயிருந்தாள். ஊருக்கு அது போதாதா? குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் தொட்டிலில் ஒரு கண்ணும் ஆராயியின் மேல் ஒரு கண்ணுமாக நின்றார்கள். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி வாய்விட்டே சொன்னபோது, ஆராயி அவள் குடத்தைப் பிடுங்கித் தரையில் அடித்து நசுக்கினாள். அதற்குப் பிறகு யாரும் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்வதை நிறுத்தவும் இல்லை.

பரசுராமன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. குழந்தைக்குச் சந்திரகலா என்று பெயர் வைத்தது அவர்தான். வெயிலில் தோல் கொப்பளித்துப் போகிறதென்று, குடையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரைக்கும் கொண்டுபோய் விட்டதும் அவர்தான். பார்வை மங்கல் என்பதால் கரும்பலகை அவளுக்குத் தெரியாது. வீட்டில் கவிநிலா எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்த நாளிலிருந்து அக்காவின் பாடத்தையெல்லாம் உரக்கப் படித்துக் காட்டுவாள். அப்படிக் கேட்டுக் கேட்டே சந்திரகலா பி.ஏ. வரைக்கும் வந்தாள். மாற்றுத் திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டில் பூத் கிடைத்தது. மீட்டரில் ஓடும் சிவப்பு எண்களை மூக்கு உரசுமளவுக்குக் குனிந்து படிப்பாள். மற்றபடி அந்தக் கண்ணாடி அறைக்குள் அவளே ராணி.

வெளியே யாரிடமும் சொல்லாத ஒரு பழக்கம் அவளுக்கு இருந்தது. பேச வரும் வயதான வெள்ளைக்காரர்களை, பில்லை நீட்டும் சாக்கில், கிட்டத்தில் பார்ப்பாள். மூக்கைப் பார்ப்பாள். காதைப் பார்ப்பாள். தன் முகத்தில் இருப்பது ஏதாவது அங்கே இருக்கிறதா என்று தேடுவாள். தேடி முடித்ததும் அம்மாவை நினைத்துக்கொண்டு தன்மேலேயே காறித் துப்பலாம் போல இருக்கும்.

தொண்ணூற்றொன்பதில் கவிநிலா எம்.எஸ்சி. விலங்கியலும் பி.எட்.டும் முடித்து, டவுனில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தாள். இரண்டு பேரும் செஞ்சி ரோட்டு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வருவதைவிட, டவுனிலேயே ஒரு சின்ன வீடு எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தார்கள். அங்கேதான் சிக்கல். அக்கா பூத்தை விட்டு நகர முடியாததால் வீடு பார்க்கப் போனது கவிநிலா. எந்த வீட்டிலும் பேச்சு நன்றாகத்தான் ஆரம்பிக்கும். டீச்சர் என்றால் மரியாதை இருக்கும். எந்த ஊர் என்பார்கள். கீழ்பென்னாத்தூர் என்பாள். "ஊரா, காலனியா?" அடுத்த கேள்வி தப்பாமல் வரும். கவிநிலா பொய் சொல்ல மாட்டாள். அதோடு அந்த வீடு யாருக்கோ கொடுத்துவிட்டதாக ஆகிவிடும்.

ஒரு சனிக்கிழமை காலை, பூத்துக்குப் பின்னாலிருக்கும் சந்தில் மாடி வீடு ஒன்று காலியாக இருக்கிறதென்று கேள்விப்பட்டுப் போன கவிநிலா, போன வேகத்திலேயே முகம் சுண்டித் திரும்பி வந்தாள்.

"குடுத்துட்டாங்களாம்க்கா."

"போர்டு நேத்துதானே மாட்டுனாங்க?"

"வுடு. வேற பாக்கலாம்."

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் சந்திரகலா பூத்தைப் பூட்டிவிட்டு அந்தச் சந்துக்குப் போனாள். வாடகைக்கு என்ற போர்டு அப்படியே கம்பிக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டி, ஏன் இன்னும் மாட்டி வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவதுதான் அவள் எண்ணம். அதற்குள் வீட்டுக்கார அம்மா ஆதிலட்சுமி முற்றத்திலிருந்து பார்த்துவிட்டாள்.

"கம், கம் மேடம்! சிட், சிட்!" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "என்னாங்க! ஒரு வெள்ளக்காரம்மா வந்திருக்காங்க, சீக்கிரம் வாங்க!"

சந்திரகலாவுக்குத் தொண்டை வரைக்கும் வந்த தமிழ் அங்கேயே நின்றது. என்னதான் நடக்கிறது பார்ப்போமே என்று ஒரு பிடிவாதம். தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

வீட்டுக்காரர் ராமகிருஷ்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து கும்பிட்டார். டவுனில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். "வெரி பீஸ்ஃபுல், மேடம். ஃபுல் ஹில் வியூ" என்று மாடிக்கு அழைத்துப் போனார். இரண்டு அறை, தனிக் குளியலறை, ஜன்னலைத் திறந்தால் மலை. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கீழே வந்தாள். ஆதிலட்சுமி ஃபிரிட்ஜ் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் கொண்டுவந்து நீட்டினாள். நீட்டியபடியே, அவளுக்குப் புரியாதென்ற தைரியத்தில், புருஷனிடம் சொன்னாள்.

"காலையில ஒரு பொண்ணு டீச்சர்னு சொல்லிக்கினு வந்துச்சே, கருகருன்னு, கீழ்பென்னாத்தூர் காலனி. அதுக்குக் குடுத்திருந்தா இப்ப இந்தம்மா கெடச்சிருப்பாங்களா?"

"அது போனதும் நீ தண்ணி தெளிச்சியே, நல்ல ராசிதான்" என்று சிரித்தார் ராமகிருஷ்ணன்.

சந்திரகலா அந்தத் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். எழுந்து நின்று, பூத்தில் தினமும் கேட்டுப் பழகிய ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள், நாளைக்குக் குடும்பத்தோடு வருகிறேன் என்று. "வெல்கம், வெல்கம்!" என்று இருவரும் கம்பிக் கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள்.

கீழ்பென்னாத்தூருக்குத் திரும்பி வீட்டில் எல்லோரிடமும் நடந்ததைச் சொன்னாள். தண்ணீர் தெளித்தது கவிநிலாவுக்கு அப்போதுதான் தெரியும்.

"நான் நாளைக்கு அந்த வூட்டுக்குப் போறேன். நீயும் வர்ற" என்றாள் சந்திரகலா.

"எதுக்கு வம்பு?" என்றார் பரசுராமன். "அவங்க வூடு, அவங்க இஷ்டம்."

"வூடு அவங்களுது. எம் பொண்ணு நின்ன எடத்துல தண்ணி தெளிக்க அவங்க யாரு?" ஆராயி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். "நானும் வர்றேன். மாமா, நீயும் கெளம்பு. வெள்ளை வேட்டி கட்டிக்கினு வா."

பரசுராமன் அவளுக்குத் தாய்மாமன். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவள் அந்தக் குரலில் கூப்பிட்டால் அவர் மறுத்ததில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சந்திரகலா முன்னால் நடந்தாள். அவளைக் கண்டதும் ஆதிலட்சுமியின் முகம் மலர்ந்தது.

"வணக்கங்க. நேத்து சொன்னேன்ல, குடும்பத்தோட வந்துட்டேன்" என்றாள் சந்திரகலா, தமிழில்.

"அய்யோ, எவ்ளோ நல்லா தமிழ் பேசுறீங்க மேடம்! எத்தன வருசமா இங்க இருக்கீங்க?"

"பொறந்ததுலேர்ந்து."

ஆதிலட்சுமி சிரித்தாள். அதற்குள் அவள் பார்வை பின்னால் நின்றவர்கள்மேல் போனது. கவிநிலாவை அடையாளம் தெரிந்தது. சிரிப்பு பாதியில் அறுந்தது.

"இவங்க... உங்ககிட்ட வேலை செய்யறவங்களா?"

"இவ என் தங்கச்சி. இவங்க எங்கம்மா. அவரு எங்க நைனா. நேத்து நீங்க தண்ணி தெளிச்சீங்களே, அது என் தங்கச்சி நின்ன எடம். அதே எடத்துக்குப் பக்கத்துல எனக்கு நாற்காலி தொடச்சுப் போட்டீங்க. ஒரே வயித்துல பொறந்தவங்க நாங்க. எது சரி, தண்ணி தெளிச்சதா, நாற்காலி போட்டதா? சொல்லுங்க, கேட்டுட்டுப் போறோம்."

சத்தம் கேட்டு ராமகிருஷ்ணன் வந்தார். விஷயம் புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும், நேற்றைய மேடம் என்ற அழைப்பும் மரியாதையும் எங்கே போயின என்றே தெரியவில்லை.

"இன்னாம்மா, நாடகமா? யாரை ஏமாத்தப் பாக்குற நீ? மனுஷங்கள்ல இனம்னு ஒண்ணு இருக்கு, தெரிஞ்சுக்கோ. அது ரத்தத்துலயே இருக்கும். ஒரு ஆளப் பாத்தா, பாத்த உடனே சொல்லிடுவேன் நான்."

"நேத்து என்னைப் பாத்தீங்களே. பாத்த உடனே இன்னா சொன்னீங்க?"

எதிர்வீட்டு மாடியில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். ஆதிலட்சுமிக்கு அவமானத்தில் முகம் சிவந்துவிட்டது. ஆராயியை மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்பன் யாருன்னு பெத்தவளுக்குத்தான் தெரியும். இந்தப் பக்கம் வெள்ளக்காரனுக்கா பஞ்சம்?"

சந்திரகலாவுக்குக் காது அடைத்துப் போனது. குழந்தையிலிருந்து முதுகுக்குப் பின்னால் கேட்டது, அவளுக்கு நினைவு தெரிந்து முதல்முறையாக அம்மாவின் முகத்துக்கு நேராக வந்து விழுந்திருந்தது. அவள் வாய் திறப்பதற்குள் கவிநிலா முன்னே வந்துவிட்டாள். வீடு கேட்டுப் போன இடங்களிலெல்லாம் தலையைக் குனிந்து திரும்பிய அதே கவிநிலா.

"தெரியாததைப் பேசாதீங்கம்மா. தோலுக்கு நிறம் குடுக்கற சரக்கு ஒண்ணு ஒடம்புல தயாராவணும். அதுக்கு ஒரு மரபணு இருக்கு. அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு, அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு, ரெண்டு வரும். அதுல ஒண்ணு வேலை செஞ்சாலும் போதும், நிறம் வந்துடும். எங்கக்காவுக்கு ரெண்டுமே வேலை செய்யாததா வந்துடுச்சு. வெள்ளக்காரனுக்குப் பொறந்திருந்தா அவ மாநிறமா இருந்திருப்பா. இவ்ளோ வெளுப்பா இருக்கான்னா, ரெண்டு பக்கத்துலேர்ந்தும் அது வந்திருக்கு. வெள்ளக்காரன் வெளுப்புக்கும் இவ வெளுப்புக்கும் ஒரு சம்பந்தமும் கெடயாது."

"பாடம் எடுக்காத" என்றார் ராமகிருஷ்ணன்.

"எடுக்கறேன், அதான் என் வேலை. ரத்தத்துல இனம் இருக்குன்னீங்களே. உங்க எதிர்வூட்டுக்காரரு உங்க சாதியாவே இருக்கட்டும், உங்களுக்கும் அவருக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம், உங்க சாதிக்கும் எங்க சாதிக்கும் நடுவுல இருக்கறதவிட ஜாஸ்தி. ஊர் ஊரா ரத்தம் எடுத்துப் பாத்துட்டாங்க. கோடு எதுவும் உள்ள இல்ல சார். வெளிய நீங்க போட்டதுதான்."

எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ சிரித்தார்கள். கூட்டம் சேர்வதைப் பார்த்து ராமகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தினார். வியாபாரி அல்லவா, பேரத்துக்கு இறங்கினார். "இதோ பாரும்மா, சண்டை வேணாம். நீ மட்டும் வேணும்னா மாடியில இருந்துக்கோ. யாருக்கும் தெரியப் போறதில்ல. வெளிய தமிழ்ல மட்டும் பேசாத, அவ்ளோதான்."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, மாடி ஜன்னலில் பார்த்த மலை சந்திரகலாவின் மனதில் வந்து போனது. பூத்துக்கு எட்டி நடக்கிற தூரம். வெயிலில் வேக வேண்டாம். இந்தத் தோலைப் போர்த்திக்கொண்டு ஆயுசுக்கும் மேடமாக இருந்துவிடலாம்.

"வூடு கேட்டுத்தான் வந்தேன். என் வாயை அடகு வெக்க வரல" என்றாள். தெருப் பக்கம் திரும்பி, தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றினாள். வெயில் கண்ணைக் குத்தியது. கண்மணிகள் நிலைகொள்ளாமல் ஆடின. பூத்தில் மறுமுனைக்குக் கேட்காதபோது போடும் குரலில் சத்தமாகச் சொன்னாள். "எல்லாரும் கேட்டுக்கோங்க. நான் சந்திரகலா. கீழ்பென்னாத்தூர் காலனி பரசுராமன் பொண்ணு. இந்த வூட்டுல தோலுக்குத்தான் வாடகைக்கு வுடுவாங்களாம். மனுஷங்களுக்கு இல்லையாம்!"

நான்கு பேரும் அவசரப்படாமல் சந்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வந்தார்கள். தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொள்ளாத சந்திரகலாவின் கன்னம் அதற்குள் கன்றிவிட்டிருந்தது. ஆராயி தன் முந்தானையை எடுத்து அவள் தலைக்குமேல் பிடித்தாள். பஸ் வரக் காணோம். நிழலில் நின்றிருந்த பரசுராமன் கவிநிலாவை மெல்லக் கூப்பிட்டார்.

"அங்க சொன்னியே, அது நெசமா? ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் வந்தாத்தான் அப்பிடிப் பொறக்குமா?"

"ஆமா நைனா. நீ அம்மாவுக்குத் தாய்மாமன் இல்ல? ஒரே குடும்பம். அதான் ரெண்டு பக்கமும் இருந்திருக்கு."

பரசுராமன் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அப்ப இவ எம் பொண்ணுதான்" என்றார், தனக்குத்தானே சொல்வது போல.

முந்தானையைப் பிடித்திருந்த கை கீழே இறங்கியது.

"இன்னா சொன்ன மாமா?"

"இல்ல... சும்மா..."

"இத்தினி வருசமா உனக்கு அந்த எண்ணம் இருந்துச்சா?"

"நான் ஒரு நாளாவது உன்னைக் கேட்டேனா ஆராயி?"

"கேட்டிருக்கணும். கேட்டிருந்தா அன்னிக்கே செருப்பைக் கழட்டியிருப்பேன், அதோட தீந்திருக்கும். கேக்காம மனசுல வெச்சுக்கினு, நான் போட்ட சோத்தைத் தின்னுக்கினு, அவளுக்குக் குடையும் புடிச்சிருக்க!" அவள் குரல் உடையவில்லை, உயர்ந்துகொண்டே போனது. "இவ பொஸ்தகத்துல படிச்சுச் சொன்னாத்தான் நான் நல்லவளா? நாளைக்கு அந்தப் பொஸ்தகத்துல மாத்தி எழுதினா நான் கெட்டவளாயிடுவேனா? அந்த வூட்டுக்காரி கேட்டதுக்கும் நீ நெனச்சதுக்கும் இன்னா வித்தியாசம்?"

பரசுராமன் தலை குனிந்து நின்றார். அம்மா அப்பாவைக் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் தனக்கும் சேர்த்துத்தான் என்று சந்திரகலாவுக்குப் பட்டது. பூத்தின் கண்ணாடி வழியாக எத்தனை முகங்களைத் துழாவியிருக்கிறாள்! தன் காலைப் பார்த்துக்கொண்டாள். கட்டை விரலைவிட நீண்ட இரண்டாவது விரல். எதிரே செருப்பில்லாமல் நின்ற அப்பாவின் காலிலும் அதே விரல். பிறந்ததிலிருந்து தினமும் பார்க்கிற கால்தான்.

அவள் போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு எந்தச் சாட்சியும் வேணாம்மா" என்றாள்.

"உனக்கு வேணாம். அவருக்குத்தான் வேணுமாம்" என்றாள் ஆராயி. பஸ் வந்தது. மகள்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். பரசுராமன் கடைசி வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.

ராமகிருஷ்ணன் வீட்டு மாடிக்குச் சீக்கிரமே ஒரு ஜெர்மன்காரர் குடிவந்துவிட்டார். ஊர் ஒன்றும் தலைகீழாகிவிடவில்லை. ஆனால் வீடு தேடும் முறையைச் சந்திரகலா மாற்றிவிட்டாள். பூத்தைச் சாயங்காலம் சீக்கிரம் மூடிவிட்டுத் தங்கையோடு அவளே போனாள். கேள்விக்கு இடம் வைப்பதில்லை. கதவு திறந்ததும், "நாங்க கீழ்பென்னாத்தூர் காலனிங்க. இவ என் கூடப்பொறந்த தங்கச்சி, டீச்சர். நான் பூத்து வெச்சிருக்கேன். கறி சாப்புடுவோம். வூடு குடுப்பீங்களா?" என்பாள். பல கதவுகள் மூடின. மூடும்போது அவர்கள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், இவர்கள் இல்லை. அது கவிநிலாவுக்கு எவ்வளவோ தேவலை என்றிருந்தது.

கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பூ வியாபாரம் செய்யும் பச்சையம்மாள் என்பவரின் ஓட்டு வீடு கிடைத்தது. அத்தனையையும் கேட்டுவிட்டு அந்த அம்மாள், "அதெல்லாம் இருக்கட்டும், தண்ணி ஜாஸ்தி செலவு பண்ணுவீங்களா?" என்று மட்டும் கேட்டார். மலை தெரியாது. பஸ் சத்தம் ஓயாது. இரண்டு பேரும் அன்றைக்கே சரி என்றார்கள்.

பால் காய்ச்சிய அன்று ஆராயி தன் துணிமணியையும் மூட்டையாகக் கட்டி எடுத்து வந்திருந்தாள். "நான் பொண்ணுங்களோட இங்கயே இருக்கேன். நீ போய் மாட்டைப் பாரு" என்று பரசுராமனை வாசலோடு அனுப்பிவிட்டாள். அவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கீரைக் கட்டோ கத்தரிக்காயோ எடுத்துக்கொண்டு வருவார். சந்திரகலாவோடும் கவிநிலாவோடும் பேசுவார். ஆராயி சோறு போடுவாள், பேச மாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டைக் காலர் கிழிந்து, உதட்டில் காயத்தோடு வந்தார். என்னவென்று சந்திரகலா துளைத்து எடுத்த பிறகுதான் சொன்னார். ஊர் டீக்கடையில் வேடியப்பன் என்பவன், பொண்டாட்டியும் பொண்ணும் வெள்ளைக்காரன்கிட்டப் போயிட்டாங்களா என்று கேட்டிருக்கிறான். வயதில் அவருக்குப் பத்து வருடம் இளையவன், பலசாலி.

"அந்த மரபணு கதையச் சொன்னியா நைனா?" என்றாள் கவிநிலா.

"இல்ல. அவ எம் பொண்ணு, நான் சொல்றேன், உனக்கு இன்னாடா தெரியும்னேன். ஒரு அறை வுட்டேன். அப்புறம் அவன் வுட்டான்."

உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. ஆராயி வந்து அவர் உதட்டைப் பார்த்தாள். மஞ்சளைக் குழைத்துக் காயத்தில் அழுத்திப் பூசினாள், அவர் வலியில் துள்ளும் அளவுக்கு.

அடுத்த வாரம், வயலில் வேர்க்கடலை முற்றியிருந்த சமயம், அவர் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, அவளும் மூட்டையோடு வாசலில் நின்றாள். பரசுராமனுக்கு நம்ப முடியவில்லை.

"மல்லாட்டை புடுங்கற நேரம். ஆளு கெடைக்காது" என்றாள் ஆராயி. "அதுக்குத்தான் வர்றேன். உனக்காவ இல்ல."

மூட்டையை வாங்க அவர் கையை நீட்டினார். கொடுக்காமல் முன்னே நடந்தாள்.